ஒன்பது மணிக்குக் கலையும்

விமானங்களுக்கு வானிலை சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும், பார்க்கிறவர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இப்பல்லாம் கரெக்டா சொல்றாங்களா சார்?" கேட்கும்போதே வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அவர்களுக்குப் பதில் வேண்டாம், சிரிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். முன்பெல்லாம் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். என் அக்கா போன அந்த மார்கழிக்குப் பிறகு அது முடிவதில்லை. "சொல்றாங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். கேட்டவர் முகம் எப்படிப் போனது பார்த்தீர்களா என்று மனைவி திட்டுகிறாள். போனால் போகட்டும்.

கேள்வி என்னவோ நியாயமானதுதான். ஒழுங்காகக் கேட்பவர்களுக்கு நானும் ஒழுங்காகவே பதில் சொல்வேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பலூனை ஊதிப் பறக்கவிட்டு, அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துத்தான் மேல்காற்றைக் கணக்கிடுவோம். மற்ற ஊர்களின் வெப்பமும் காற்றழுத்தமும் டெலிபிரிண்டரில் வரும், வராத நாளும் உண்டு. வந்தவற்றை வரைபடத்தில் பென்சிலால் குறித்து, கோடு இழுத்து, அதையே வெறித்துப் பார்த்து, நாளைக் காலை ஓடுபாதையில் பனிமூட்டம் இருக்குமா என்று எழுதிக் கொடுப்போம். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் விமானி எவ்வளவு எரிபொருள் நிரப்புவது, இறங்க முடியாவிட்டால் எந்த ஊருக்குத் திரும்புவது என்றெல்லாம் முடிவெடுப்பார். பனி வராது என்று எழுதிய காலையில் அது வந்து சாவகாசமாகப் படுத்துக்கொள்ளும். வரும் என்று எழுதினால் கண்ணாடி துடைத்த மாதிரி வானம் இருக்கும். எரிபொருளைக் கூடுதலாகச் சுமந்து வந்த விமானி என்னை மனசுக்குள் என்ன சொல்லித் திட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அதெல்லாம் பழைய கதை. பிறகு செயற்கைக்கோள் படம் வந்தது, ரேடார் வந்தது, ராட்சசக் கணினிகள் வந்தன. ஓடுபாதையின் ஓரத்திலேயே கருவி நின்றுகொண்டு எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்கிறது. கோடை இடிமழை இன்னமும் ஆட்டம் காட்டுகிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பனிமூட்டம் எப்போது இறங்கும், எப்போது விலகும் என்பதைக் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லிவிட முடிகிறது. நான் ஓய்வு பெறும்போது எழுதிய முன்னறிவிப்பும் சேர்ந்த புதிதில் எழுதியதும் ஒரே ஆள் எழுதியவை என்று யாரும் நம்ப மாட்டார்கள். நான் கெட்டிக்காரன் ஆகிவிடவில்லை. கையில் இருந்த சாமான் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

எவ்வளவு மாறினாலும் எங்கள் தொழிலில் இரண்டு கட்டுப்பாடுகள் மட்டும் மாறவில்லை. விமான நிலையத்துக்கு எழுதுவது அந்த ஓடுபாதைக்கும் அதைச் சுற்றியுள்ள சிறு வட்டத்துக்கும்தான் பொருந்தும். வட்டத்துக்கு வெளியே கொட்டித் தீர்த்தாலும் எங்களைக் கேட்க முடியாது. அப்புறம், நிச்சயமாக என்ற சொல் எங்கள் வாயில் வராது. பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு, நான்கு பங்கு வாய்ப்பு என்றுதான் எழுதுவோம். பத்தில் மூன்று என்று எழுதிய மழை பெரும்பாலும் வராமல்தான் போக வேண்டும், போனால்தான் கணக்கு சரி. இதை அக்காவுக்கு ஒருமுறை பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வந்தாலும் நீ சொன்னது சரி, வராட்டியும் நீ சொன்னது சரி. நல்ல வேலைய புடிச்சடா தம்பி" என்றாள்.

அக்காவைப் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். ராகியும் அவரையும் போடுகிற நிலம், வரப்போரம் கொஞ்சம் மாமரங்கள். மாமா சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள். மாமாவின் தம்பி, அதாவது அக்காவின் கொழுந்தனார், பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வீட்டு நிலத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். மகள் படித்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகும் அக்கா ஊரை விட்டு அசையவில்லை. நான் தர்மபுரியில் வீடு கட்டியிருந்தேன். "வந்து நம்ம வூட்டுல இரு" என்று கூப்பிட்டால், "அங்க வந்து உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா?" என்பாள்.

என்னைப் பற்றிய கேலி அந்த மகளின் சீரில்தான் தொடங்கியது. பெண் பெரியவளானதற்கு ஊரைக் கூட்டிச் சீர் செய்தார்கள். பங்குனிக் கடைசி. தகரக் கொட்டகை போடுவதா, துணிப் பந்தலே போதுமா என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வானிலை ஆபீசில் ஒரு மச்சானை வைத்துக்கொண்டு வேறு யாரைக் கேட்பது? அன்றைக்குக் கையில் இருந்த வரைபடத்தை வைத்து, மழைக்கு வாய்ப்பு குறைவு என்றேன். பந்தி நடந்துகொண்டிருந்தபோது வத்தல்மலைப் பக்கமிருந்து காற்று கிளம்பி வந்தது. துணி பறந்தது, இலை பறந்தது, சாம்பார் அண்டாவில் மழை கொட்டியது. மிச்சப் பந்தியை ராகி மூட்டை அடுக்கியிருந்த அறையில் போட்டோம். நனைந்த பட்டுப் புடவையோடு நடுவாசலில் நின்ற அக்கா, "எந்தம்பி வராதுன்னு சொன்னானில்ல, அதான் வந்துருச்சு" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தாள். கோபத்தில் சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். சிரித்துக்கொண்டு சொன்னதால் சொந்தபந்தம் மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், மச்சான் கணக்கு. நான் மழை என்றால் துணி துவைத்துக் காயப்போட வேண்டும். வெயில் என்றால் குடை எடுத்துக்கொள்ள வேண்டும். தீர்த்தமலைக்கு வேன் வைத்துப் போகும்போதும் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும்போதும் கிளம்புவதற்கு முன் எனக்கு போன் வரும். நான் சொல்வதைக் கேட்டு அந்தப் பக்கம் ஒரு கும்பலே சிரிக்கும். பிறகு நேர்மாறாக ஏற்பாடு செய்துகொண்டு போவார்கள். பாதி நாள் அவர்கள் நனைந்ததும் உண்டு. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கேலி ஒருமுறை பழகிவிட்டால் அதற்குச் சாட்சி தேவைப்படுவதில்லை போலிருக்கிறது. முன்னறிவிப்பு வருஷத்துக்கு வருஷம் தேறி வந்தது. மச்சான் கணக்கு மட்டும் அந்தச் சீர் நடந்த நாளிலேயே நின்றுவிட்டது.

எரிச்சலாக இருக்கும். ஒருமுறை உட்கார்ந்து, போன வருஷம் நான் சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பேசப் பார்த்தேன். "எந்தம்பிக்குக் கோவம் வந்துருச்சு, நாளைக்குக் கண்டிப்பா மழ வராது" என்று அக்கா எடுத்துக்கொடுக்க, நானே சிரித்துவிட்டேன். அவள் சிரித்தால் எதிரே இருப்பவர் உம்மென்று இருக்க முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு மார்கழியில் தினமும் சாயங்காலம் அவள் போன் செய்வாள். ராகி அறுத்து அடித்துக் களத்தில் காயப்போட்டிருக்கும் சமயம் அது. "தம்பி, நாளைக்கு எப்பிடிடா?" என்பாள். உன் களம் என் வட்டத்துக்குள் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டு, படங்களைப் பார்த்து எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கேட்டதும், போனைக் காதிலிருந்து எடுக்காமலே, களத்தில் இருக்கும் பெண்களைப் பார்த்துக் கத்துவாள். "ஏண்டி, தம்பி மழன்னுட்டான். நல்லா பரப்பிக் காயப்போடுங்க!" அந்தப் பக்கம் சிரிப்பு. நான் போனை வைத்துவிடுவேன்.

அந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் கேட்டாள். கடலில் ஒரு தாழ்வு நிலை இருந்தது, புதன்கிழமை நல்ல மழை இருக்கும் என்றேன். அதே கத்தல், அதே சிரிப்பு. புதன்கிழமை மாவட்டம் முழுக்க மழை பிடித்து ஊற்றியது. வியாழக்கிழமை வானம் வெளுத்துவிட்டது. அன்று மத்தியானம் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

சாயங்காலமே ஐஸ் பெட்டி வந்து நடுவீட்டில் அக்காவைப் படுக்க வைத்தாயிற்று. சிங்கப்பூருக்கு நான்தான் போன் செய்தேன். அன்றைக்குக் கிளம்பும் எந்த விமானத்திலும் இடம் இல்லை. மறுநாள் விடியற்காலை கிளம்பிக் காலை எட்டு மணிக்கு பெங்களூரில் இறங்கும் விமானத்தில்தான் கிடைத்தது. போனைக் கொழுந்தனார் வாங்கி, அழுதுகொண்டே, "நீ வந்து உங்கம்மா மொகத்தப் பாத்தப்புறந்தான் கண்ணு எடுப்போம். சித்தப்பா சொல்றேன், தைரியமா வா" என்றார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வளர்த்த மனிதர், மனசாரத்தான் சொன்னார்.

எனக்கு மட்டும் வேறு ஒரு கவலை வந்துவிட்டது. முந்தின நாள் மழை, தரையெல்லாம் ஈரம். மேகம் விலகி, காற்றும் அடங்கியிருந்தது. பனிமூட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விடியும் முன்பே கைபேசியில் பெங்களூர் விமான நிலையத்தின் முன்னறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். நான் நினைத்தபடியே அடர்ந்த பனிமூட்டம் என்று இருந்தது, ஆனால் காலை ஒன்பது மணிவாக்கில் கலையும் என்றும் இருந்தது. செயற்கைக்கோள் படத்தையும் வெப்பத்தையும் காற்றையும் நானே ஒருமுறை பார்த்தேன். எழுதியவர் யாரோ எனக்குத் தெரியாது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அக்கா மகளிடமிருந்து செய்தியும் வந்திருந்தது. பனி காரணமாக விமானத்தை ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளப்பப் போகிறார்களாம். அதைப் படித்ததும் எனக்கு நிம்மதி. முன்னறிவிப்பை நம்பி, பனி கலைகிற நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி கிளப்புகிறார்கள், வானத்தில் வட்டமடித்து எரிபொருளை வீணாக்குவதைவிட அதுதான் புத்திசாலித்தனம். "ஒன்பது மணிக்குக் கலையும். பயப்படாமல் வா" என்று பதில் அனுப்பினேன். வீட்டில் சொன்னபோது அதே செய்தி வேறு மாதிரி விழுந்தது. "இப்பவே லேட்டா?" என்றார்கள்.

விடிந்தபோது ஊரே பனிக்குள் கிடந்தது. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் தண்ணீர் சொட்டியது. மேளக்காரர்கள் ஓலையைக் கொளுத்தி, ஈரமேறிய தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு டிவியில் பெங்களூர் விமான நிலையத்தைக் காட்டினார்கள். வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இறங்க முடியாத விமானங்களைச் சென்னைக்குத் திருப்பிவிட்டார்கள் என்று கீழே எழுத்து ஓடியது. அந்த எழுத்து வாசல் முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தது.

கொழுந்தனார் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மச்சான், சென்னைக்குத் திருப்பி வுட்டுட்டாங்கன்னா பாப்பா எப்பங்க வந்து சேரும்?"

"திருப்ப மாட்டாங்க மாப்ள. ஒம்பது மணிக்குக் கலஞ்சிரும். இந்த பிளேனு அப்பத்தான் வருது. எறங்கிரும்."

"டிவில போடறாங்களேங்க."

"அது விடியறதுக்கு முன்னாடி வந்ததுங்க. இது வேற."

அவர் தெருவைப் பார்த்தார். "இங்க எதுத்த வூடே தெரியலியே மச்சான்."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். எடுப்பதானால் அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மத்தியானத்துக்கு மேல், மகள் வந்த பிறகு. ஒன்பதுக்கு இறங்கினால் ஒன்றரை, இரண்டு மணிக்கு அவள் வீட்டு வாசலில் இருப்பாள், எடுத்துவிடலாம். ஆனால் விமானம் சென்னைக்குப் போய்விட்டால் அவள் வருவதற்குள் இருட்டிவிடும். இருட்டிய பிறகு எடுக்க மாட்டார்கள். அப்புறம் சனிக்கிழமை ஆகிவிடும். சனிக்கிழமை எடுத்தால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று எங்கள் பக்கம் நம்புகிறார்கள். கொழுந்தனாரின் மருமகள் பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தாள். அவர் யாரை நினைத்துத் துண்டை முறுக்கினார் என்று கேட்கவே வேண்டாம்.

அதனால் எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. ஒன்பது மணிக்குக் கலையுமா, கலையாதா? அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அந்த வாசலில் நான். அவர்கள் நம்பாமல் இருக்கப் பழகிய ஒரே ஆளும் நான்தான்.

பென்னாகரத்திலிருந்து வந்திருந்த பங்காளி ஒருவர் நாற்காலியில் இருந்தபடியே, "மச்சான் ஒம்பதுன்னா, நாம பன்னெண்டுன்னு வெச்சிக்க வேண்டியதுதான்" என்றார். இழவு வீடு என்பதையும் மறந்து நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அப்படியே எழுந்து போய் அந்த நாற்காலியை உதைத்துத் தள்ள வேண்டும் போலிருந்தது.

கொழுந்தனார் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நூத்துக்கு நூறு சொல்லுவீங்களாங்க மச்சான்? சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்றார்.

நூற்றுக்கு நூறு! பணிக்காலம் முழுக்க நான் ஒரு நாளும் எழுதாத ஒன்று. எந்த வானிலைக்காரனும் எழுத மாட்டான், எழுதினால் அவன் வானிலைக்காரன் இல்லை. "நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க மாப்ள. ஆனா இது நம்பலாம். தாராளமா நம்பலாம்" என்றேன். "ஆனா"வுக்குப் பின்னால் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கையை மெதுவாக விட்டார். "அவருக்கே தெரியலங்க" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் மறுபடியும் பேசினேன், குரலை உயர்த்தியும் பேசினேன். "மகன்னா காத்திருக்கலாம், மொத மண்ணு போடப் போறது எப்படியும் கொழுந்தன் மகன்தானே" என்று ஒரு பெரியம்மா முடித்துவைத்தாள். பெட்டியைத் திறந்து அக்காவைக் குளிப்பாட்டத் தூக்கிப் போனார்கள்.

இன்றைக்குக் கேட்டாலும் நான் நூறு என்று சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது. சொல்லியிருந்தால் என்ன என்று நினைக்காத காலை மட்டும் இல்லை.

ஒன்பதரைக்கு எடுத்தார்கள். அப்போதும் எங்கள் ஊரில் பனி கலையவில்லை. ஓடுபாதைக்கு எழுதியது ஓடுபாதைக்குத்தானே. முன்னால் போகும் மேளக்காரர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் எடுத்தது நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்திருப்பார்கள். தெருமுனை தாண்டும்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"மாமா, எறங்கிட்டேன்" என்றாள் அக்கா மகள். மூச்சு வாங்கியது, நடந்துகொண்டே பேசுகிறாள். "நீங்க சொன்ன மாதிரியே எறங்கிருச்சு மாமா. இங்க நல்ல வெயில். நான் வந்துடறேன், எப்படியும் ரெண்டு மணிக்குள்ள…"

நிறுத்திவிட்டாள்.

"மாமா, அது என்ன சத்தம்?"

காதோடு சேர்த்து வைத்திருந்த போனைக் கையால் பொத்தினேன், எதற்கென்று தெரியவில்லை. அந்த மேளத்தை எதை வைத்துப் பொத்த முடியும்? எந்த மேளம் எதற்கு அடிப்பார்கள் என்று எங்கள் ஊர்ப் பெண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "எடுத்துட்டாங்களா?" என்றாள். "எடுத்துட்டாங்க கண்ணு" என்றேன்.

ஓடிப்போய்க் கொழுந்தனாரிடம் சொன்னேன். அவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் எடுத்த உடலைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இல்லை. மண்ணெடுத்த குழியை வைத்துக்கொண்டு ராகு காலத்தில் காத்திருக்கும் வழக்கமும் இல்லை. வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மாமா. எங்கம்மாவ போன்ல பாக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். நாங்கள் மண் தள்ளி முடிக்கும்போதுதான் பனி கிழிந்து வெயில் வந்தது.

இரண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். கத்திக் கூச்சல் போடுவாள் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அவள் நேராக இடுகாட்டுக்குப் போய் அந்த ஈரமண் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொழுந்தனார் காலில் விழாத குறையாக, "பனி கலையாதுன்னு நெனச்சிட்டேன் கண்ணு" என்று அழுதார். அவரைப் பார்த்து அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மாமா சொன்னாரே சித்தப்பா."

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலை ஒட்டிய களத்தின் ஓரத்தில் ராகி ஒரு குன்றாகக் குவிந்திருந்தது. மேலே தார்ப்பாய், நாலு பக்கமும் கல். புதன்கிழமை பெய்த மழைக்கு இது எப்படித் தப்பியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பரப்பிக் காயப்போடச் சொல்லி அக்கா கத்தியதை நான் காதால் கேட்டிருக்கிறேனே. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, அக்காவோடு களத்தில் வேலை செய்கிறவள், அங்கே நின்றுகொண்டிருந்தாள். "இதை யாரும்மா மூடுனது?" என்று கேட்டேன்.

"அக்காதாண்ணா. செவ்வாக்கெழமை நீங்க போன்ல சொன்னீங்கல்ல. வெச்ச ஒடனே தார்ப்பாய எடுங்கடின்னாங்க."

"காயப்போடுன்னு கத்துனாளே."

"அது எல்லாரும் சிரிக்கறதுக்குண்ணா. சிரிச்சு முடிச்சிட்டு மூடிருவாங்க. இப்ப நாலஞ்சு வருசமாவே அப்படித்தான். நீங்க வெயில்னா பரப்புவாங்க, மழைன்னா மூடுவாங்க. தம்பி சொன்னா வந்துரும்டி, அவங்கிட்ட மட்டும் சொல்லிறாத, தலக்கனம் ஏறிக்கும்னுவாங்க."

அக்கா மகள் தார்ப்பாயைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். ராகி சொட்டு ஈரமில்லாமல் விரலுக்கு நடுவே இறங்கியது. நான் அங்கேயே களத்துமேட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். காலையில் அத்தனை பேருக்கு நடுவில் என் பேச்சை நம்பக்கூடிய ஒருத்தி அந்த வீட்டில் இருந்திருக்கிறாள். அவளைத்தான் நாங்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "மாமா, நாளைக்கு வெயில் அடிக்குமா? இத பரப்பணும்."

வாசலில் பங்காளிகள், பென்னாகரத்துக்காரர், அந்தப் பெரியம்மா என்று எல்லோரும்தான் இருந்தார்கள்.

"அடிக்கும்" என்றேன்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.